அம்மாவின் பத்தாம் வகுப்பு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

செஞ்சியைப் பற்றி எழுத வருபவர்கள் எல்லோரும் கோட்டையில்தான் தொடங்குவார்கள். நம் கல்லூரி மலரிலும் ஆண்டுக்கு ஒருவராவது ராஜகிரியில் ஏறி இறங்காமல் இருப்பதில்லை. நான் அந்தக் கோட்டைக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவள். நாள்தோறும் காலையில் கோட்டையைத் தாண்டிச் செஞ்சிக்கு வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்துத் திண்டிவனம் வருகிறேன். எனக்கும் கோட்டையைப் பற்றி எழுத ஆசைதான். அதிலும் 2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோ நம் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்திருக்கிறது. மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தார்கள். பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்க, மிஞ்சிய ஒன்று நம்முடையது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் இவ்வாண்டு என் மனத்தில் நிற்பது வேறு ஒன்று. கோட்டைக்கு அந்தப் பெருமை கிடைத்து ஒரு மாதம் கழித்து, அதன் அடிவாரத்து ஊரில் நடந்த ஓர் இரவுச் சாப்பாடு அது. என் அம்மாவோடு பத்தாம் வகுப்பு படித்தவர்கள் 35 ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றுகூடி உண்ட சாப்பாடு.

பள்ளித் தோழர்கள் பத்தாண்டு, இருபத்தைந்தாண்டு என்று கணக்கு வைத்துக் கூடி விருந்துண்பது அமெரிக்காவில் நெடுநாளைய வழக்கம். நம் பக்கம் அது பரவியதற்குக் கைப்பேசி ஒரு காரணம் என்றால், 2018இல் வந்த ‘96’ திரைப்படம் இன்னொரு காரணம் என்று என் அண்ணன் சொல்வான். இருக்கலாம். எங்கள் ஊர்ப்பக்கத்தில் இப்போது கல்யாணத்துக்கு வைப்பதைப் போலவே இதற்கும் பேனர் வைக்கிறார்கள்.

அம்மா 1990இல் பத்தாம் வகுப்பு எழுதினாள். நான்கைந்து கிராமங்களுக்குப் பொதுவான ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த பள்ளி. அவ்வகுப்பில் மொத்தம் 43 பேர், அவர்களில் பெண்கள் 16. இந்தக் கணக்கு எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? மூன்று வாரம் அந்த வகுப்பில் நானும் ஒரு மாணவியாக இருந்தேன்! அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். ஆகவே வாட்ஸ்அப் குழுவில் என் எண்ணைத்தான் சேர்த்தார்கள். ‘என்னடி, எப்படி இருக்கே? எத்தனை பிள்ளைங்க?’ என்று யாரோ கேட்பார்கள். அம்மா தையல் மிஷினை விட்டு நிமிராமலே, “நல்லா இருக்கேன்னு போடு” என்பாள். நான் போடுவேன். சில நாட்களில் அவளைக் கேட்காமலே போட்டுவிடுவதும் உண்டு. பிசிராந்தையார் முகம் காணாமலே சோழனோடு நட்புக் கொண்டார் என்று படிக்கிறோம். நானோ முகமும் காணாமல், பெயரையும் மறைத்து, முப்பது பேருக்குத் தோழியாகிவிட்டேன்.

ஆண்களைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்ததாம். 1990இல் இருந்த பெயரும் இனிஷியலும் அப்படியே இருக்கின்றன. ஆள் வெளியூரில் இருந்தாலும் அண்ணனோ தம்பியோ ஊரில் இருப்பார்கள். பெண்கள் கதை அப்படியன்று. இனிஷியல் மாறிவிட்டது; ஊர் மாறிவிட்டது; அவர்களை விசாரித்தால் பதில் சொல்லப் பிறந்த வீட்டில் ஆள் இல்லை. எண் ஒன்று கிடைத்தாலும் அது கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கும். “அவங்ககூடப் படிச்சவன் பேசறேன்” என்று ஓர் ஆண்குரல் ஒரு வீட்டுக்குப் போன் செய்தால் மறுமுனையில் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லவும் வேண்டுமா?

ஆகவே பெண்களைத் தேடும் பொறுப்பை அங்கன்வாடியில் வேலை பார்க்கும் ஒரு வகுப்புத் தோழி ஏற்றுக்கொண்டார். அவர் கைப்பேசியை நம்பவில்லை. யாருடைய சித்தி மகளை எந்த ஊரில் கொடுத்திருக்கிறது, அந்த ஊரில் இருந்து யார் இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறார்கள் என்று நூல் பிடித்துக்கொண்டே போனார். அப்படித்தான் எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்து சேர்ந்தார். அவர் அலைந்து கண்டுபிடித்தது ஒன்பது பேரை. பத்தாவதாக ஒருத்தியைத் தேடிப் போனபோது, அவர் 1994இலேயே முதல் பிரசவத்தில் இறந்துவிட்ட செய்தி கிடைத்தது. அம்மாவுக்கு அவர் அடுத்த பெஞ்சு. குழுவில் அந்தச் செய்தியைப் படித்துச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் கையைப் பிரித்து மறுபடி தைத்தாள். முப்பது வருடத்துக்கு மேல் ஆன சாவு அவளுக்கு அன்றைக்குத்தான் நடந்தது.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அப்பா செஞ்சிக் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறார். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து ஒரகடத்தில் வேலையில் இருக்கிறான். சிறு வயதிலிருந்து அம்மாவிடம் நான் கேட்ட ஒரே கதை, “எனக்குப் படிப்பு ஏறல, அதான் நின்னுட்டேன்” என்பது. அதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். நானும் நம்பினேன். முதலாண்டில் எனக்குக் கணிதத்தில் ஓர் அரியர் விழுந்தது. கொஞ்சம் அக்கறையாகப் படிக்கக் கூடாதா என்று அம்மா ஒருநாள் கேட்டாள். எனக்கு வந்ததே கோபம்! “படிப்பு ஏறலன்னு நீயே சொல்லியிருக்கே. உனக்கு இதப் பத்தி என்ன தெரியும்?” என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. சோற்றை எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அரியரைப் பற்றி அவள் பேசவே இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இது நடந்தது சந்திப்புக்கு இரண்டு மாதம் முன்பு.

சந்திப்புக்கு நாள் குறித்தது 2025 ஆகஸ்டு 16, சனிக்கிழமை. முந்திய நாள் சுதந்திர தினம். ஆதலால் வெளியூர்க்காரர்களுக்கு மூன்று நாள் விடுமுறை. ஆடி மாதத்தின் கடைசி நாளும் அதுவே. கல்யாணம் இல்லாததால் மண்டபம் குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. காலையில் பள்ளிக்குப் போய் மின்விசிறிகளும் குடிநீர் சுத்திகரிக்கும் கருவியும் கொடுப்பது, மதியம் கோட்டை, இரவு செஞ்சியில் விருந்து என்று திட்டம் போட்டார்கள். அங்கன்வாடி அத்தை (அப்படித்தான் நான் கூப்பிட ஆரம்பித்திருந்தேன்) குழுவில் ஒரு கேள்வி கேட்டார்: ‘ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பாடு போட்டால் எங்களில் யார் வருவது?’ ஒருநாள் முழுவதும் யாரும் பதில் எழுதவில்லை. பிறகு நேரத்தை மாலை ஆறரைக்கு மாற்றினார்கள். மின்விசிறி வாங்க ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்தவர்களுக்கு இதற்கு ஒருநாள் ஆனது.

சாப்பாட்டுப் பட்டியலுக்கோ மூன்று நாள். கோழிப் பிரியாணி என்றது ஒரு கட்சி. சனிக்கிழமை, அதிலும் கிருஷ்ண ஜெயந்தி, கூடவே கூடாது என்றது மறு கட்சி. கடைசியில் பிரிஞ்சி, தயிர் சாதம், கேசரி, வடை என்று சமாதானம் ஆயிற்று. வேண்டியவர்களுக்கு ஆளுக்கு ஓர் அவித்த முட்டை. அந்த முட்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அம்மா கடைசி வரைக்கும் வருவதாகச் சொல்லவில்லை. “நான் எங்க அங்கெல்லாம் வர்றது” என்பாள். அப்பா, “ராத்திரியாச்சே, யாரு கூட்டிட்டுப் போறது?” என்றார். நான் போகிறேன் என்றேன். அம்மா போக வேண்டும் என்ற ஆசையில் சொல்லவில்லை. குழுவில் அவள் பெயரில் பேசியது நான். அந்த மனிதர்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் எனக்குத்தான்.

மண்டபத்தில் ஆண்கள் 22 பேர், பெண்கள் 7 பேர். பெண்களில் ஒருவரை அவர் கணவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு, விருந்து முடியும் வரை வாசலிலேயே வண்டி மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச் சொல்லி எத்தனையோ பேர் கூப்பிட்டும் அசையவில்லை. காவலா, கூச்சமா என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் யாரோ ஒரு தட்டில் சோற்றை வைத்து வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

முதல் பத்து நிமிடம் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் சிரித்தார்கள். குழுவில் வாய் ஓயாமல் பேசியவர்கள் நேரில் வாயடைத்துப் போனார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று நாற்காலி தானாகவே பிரிந்தது. வகுப்பிலும் அப்படித்தானாம். இறந்துபோன மூவருக்காக எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். அதன் பிறகு ஒருவர் மைக்கைப் பிடித்தார். செஞ்சியில் மைக்கைப் பிடித்தால் தேசிங்கு ராஜா வராமல் போவாரா? 1714இல் ஆற்காட்டு நவாபின் படை வந்தபோது, நண்பன் மாபத்கான் தன் கல்யாணத்தையும் விட்டுவிட்டு தேசிங்குக்குத் துணையாக ஓடிவந்தான் என்ற கதையைச் சொல்லி, “அது மாதிரி நட்பு நம்ம நட்பு!” என்று முழங்கினார். கைதட்டல். என் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் மெதுவாகக் கேட்டார்: “கல்யாணத்த விட்டுட்டு அவன் வந்தான், சரி. ராணிக்கு யாருடி பிரெண்டு?” பெண்கள் வரிசை முழுவதும் குலுங்கிச் சிரித்தது. மேடையில் இருந்தவர், தன் பேச்சைத்தான் ரசிக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் உற்சாகமானார். கதையில் அந்த ராணி உடன்கட்டை ஏறுகிறாள். தோழி என்று ஒருத்தியின் பெயரை நானும் கேள்விப்பட்டதில்லை.

இலை போட்டதும் சங்கடமெல்லாம் போய்விட்டது. முட்டை வந்தபோது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், “டேய், பதினஞ்சு நாள் ஆயிடுச்சாடா?” என்றது. மண்டபமே சிரித்தது. எனக்குப் புரியவில்லை. அங்கன்வாடி அத்தைதான் சொன்னார். எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவைத் தொடங்கியபோது இவர்களெல்லாம் தொடக்கப் பள்ளியில் இருந்தவர்கள். பிறகு பத்தாம் வகுப்பு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கும் சத்துணவு வந்தது. 1989இல் கலைஞர் ஆட்சியில் பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை சேர்ந்தது. டிபன் பாக்ஸ் கொண்டுவருபவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார, தட்டு கொண்டுவருபவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒரே வகுப்பு, மதியம் மட்டும் இரண்டு சாதி. ஆனால் முட்டை நாளன்று டிபன் பாக்ஸ்காரர்களும் தட்டு கேட்டு அலைவார்களாம்! “உங்கம்மா அவ முட்டையத் திங்கவே மாட்டா. தாவணி முந்தியில முடிஞ்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போவா, தம்பிக்கு” என்றார் அத்தை. நான் அம்மாவின் இலையைப் பார்த்தேன். அன்றைய முட்டையைப் பாதி பிட்டு என் இலையில் வைக்கக் கையைத் தூக்கியிருந்தாள். “நீ சாப்பிடும்மா” என்றேன். அவள் சாப்பிட்டாள்.

இன்னொன்றும் பார்த்தேன். பரிமாறுபவர் கொஞ்சம் தாமதித்ததும், சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களில் மூன்று பேர் தங்களை அறியாமல் எழுந்து சாம்பார் வாளியைத் தேடினார்கள். “உட்காருங்கடி! இன்னைக்குப் போட ஆள் வெச்சிருக்கு” என்று ஓர் அதட்டல் போட்ட பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

சாப்பாட்டுக்கு இடையிலேயே ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொன்னார்கள். ஒருவர் குவைத்தில் பதினெட்டு வருடம் இருந்து திரும்பியவர். ஒருவர் கிராம நிர்வாக அலுவலர். இருவர் சென்னையில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார்கள். ஒருவர் செஞ்சியிலேயே ஆட்டோ ஓட்டுகிறார். அவர்தான் எல்லோரிலும் நன்றாகப் பேசினார். பெண்கள் முறை வந்ததும், “வீட்டுலதான் இருக்கேன்” என்று ஒருவர் சொல்லி உட்கார்ந்தார். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர் விவசாயக் கூலிக்குப் போகிறவர் என்று எனக்குக் குழுவிலிருந்து தெரியும். அவரும் “வீட்டுலதான்” என்றார். அம்மா, “தையல் மிஷின் வெச்சிருக்கேன். பொண்ணு காலேஜ் படிக்குது” என்றாள். அவள் குரல் மைக்கில் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அப்போதுதான் பின்னால் இருந்த ஒருவர் என்னிடம் குனிந்து, “கணக்குல எங்களுக்கெல்லாம் உங்கம்மாதான் சொல்லித் தருவா. பத்தாவதுல 87 மார்க்கு. தெரியுமா?” என்றார்.

தெரியாது. எண்பத்தேழு! எனக்கு அரியர் விழுந்த அதே கணிதம்.

அப்போது ஓர் ஓரமாகப் பேச்சு எழுந்தது. கணக்கு வாத்தியாரை அவர் பேரன் அழைத்து வந்துவிட்டான். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். வேட்டி, முழுக்கைச் சட்டை, காதில் கேட்கும் கருவி. எல்லோரும் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். எச்சில் கையோடு நிற்கிறவர்களைப் பார்த்து, “உட்கார்ந்து சாப்பிடுங்கப்பா” என்று அவர் சொன்ன தோரணையிலேயே 35 ஆண்டுகள் பின்னால் போய்விட்டார்கள். உட்கார்ந்துவிட்டார்கள்!

அம்மா மட்டும் உட்காரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு நேராக அவரிடம் போனாள். நான் பின்னால் போனேன். காலில் விழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் விழவில்லை. தன் பெயரையும் ஊரையும் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். ஞாபகம் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“பத்தாவது ரிசல்ட் வந்தப்போ எங்க வீட்டுக்கு வந்தீங்க சார். செஞ்சியில பிளஸ் ஒன் சேர்க்கச் சொல்லி எங்கப்பாகிட்டப் பேசினீங்க. நான் இஷ்டமில்லைன்னு சொல்லிட்டேன்.”

“ஆங்?” என்றார் அவர். கருவியைத் திருகினார்.

அம்மா இன்னும் உரக்கச் சொன்னாள். “அது பொய் சார். எனக்கு இஷ்டம் இருந்துது. அப்பா சொல்லச் சொன்னாரு. சொல்லிட்டேன்.”

மண்டபத்தில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. அவர் அம்மாவைச் சிறிது நேரம் பார்த்தார்.

“எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன்மா. எல்லாப் பொண்ணுங்களும் இதத்தான் சொல்லும். அப்பா பக்கத்துல நிக்கும்போது வேற என்ன சொல்லும்? பொய்யின்னு எனக்கும் தெரியும்.” கொஞ்சம் நிறுத்தினார். “தெரிஞ்சுதான் எழுந்து வந்தேன். இன்னொரு வாட்டி போயிருக்கணும். போகல.”

“எங்க வீட்டுக்கும் வந்தீங்க சார்” என்றது பின்னால் ஒரு குரல். ராணியின் தோழியைக் கேட்டாரே, அவர். “நானும் அதையேதான் சொன்னேன்.” அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். ஒரே வாரத்தில், அடுத்தடுத்த ஊரில், ஒரே பொய்யை ஒரே மனிதரிடம் சொன்ன இரண்டு பேருக்கும் அது அன்றுவரை தெரியாது.

என் தாத்தாவை நான் குறை சொல்ல வரவில்லை. அவர் காலமாகிவிட்டார். பிறகு அம்மாவை விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. போய்விட்டது. எங்கள் பக்கத்துப் பள்ளி பத்தோடு நின்றது. பதினொன்று படிக்கச் செஞ்சிக்குப் போக வேண்டும். அப்போது எங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு இரண்டே பஸ். மாலை பஸ் வந்து சேரும்போது இருட்டிவிடும். அந்தச் சில கிலோமீட்டர் தூரத்தில்தான் எத்தனை பெண்களின் படிப்பு நின்றிருக்கிறது! தாத்தாவுக்கு மகளின் மேல் கோபம் இல்லை. இருட்டின் மேல் பயம். வாத்தியாரிடம் “அனுப்ப மாட்டேன்” என்று சொல்ல வாய் வரவில்லை. ஆகவே மகளைச் சொல்ல வைத்தார்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் 1989இல் வந்தது. எட்டாம் வகுப்பு படித்த ஏழைப் பெண்ணுக்கு ஐயாயிரம் ரூபாய். பதினெட்டு வயது முடிந்திருந்தால்தான் கிடைக்கும் என்பதால் தாத்தா 1992 வரை பொறுத்திருந்தார். இல்லாவிட்டால் பதினாறிலேயே முடித்திருப்பாராம். அந்த மட்டில் அத்திட்டத்துக்கு என் நன்றி. அதே திட்டத்தைத்தான் 2022இல் ‘புதுமைப் பெண்’ என்று மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஆக்கினார்கள். இதைப் படிக்கும் தோழிகளில் பலர் என்னைப்போல் அதை வாங்குகிறவர்களே. அம்மாவின் கல்யாணச் செலவுக்குக் கிடைத்த அதே பணம்தான் என் பஸ்சுக்கும் புத்தகத்துக்கும் வருகிறது என்பது எனக்கு அன்றிரவு வரை தோன்றவில்லை.

வாத்தியார் என்னைப் பார்த்து, “இது யாரு?” என்றார். அம்மா சொன்னாள். என்ன படிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். கணிதம் எப்படி என்று கேட்டுவிடுவாரோ என்று எனக்கு நெஞ்சு படபடத்தது. நல்ல வேளை, அதற்குள் யாரோ தயிர் சாதம் கொண்டுவந்தார்கள். ஊறுகாய் வேண்டாம் என்றார். பேரன் ஸ்பூன் கேட்டான். அவர் கையாலேயே சாப்பிட்டார். அம்மா பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அதன் பிறகு இருவரும் பேசியது மழையைப் பற்றியும் அவருடைய முட்டி வலியைப் பற்றியும்தான்.

எட்டரை மணிக்குப் புகைப்படம் எடுத்தார்கள். அதிலும் ஆண்கள் நின்றும் பெண்கள் உட்கார்ந்தும் பழையபடியே. ஆட்டோ ஓட்டும் தோழர் எங்களையும் இன்னும் இரு பெண்களையும் ஏற்றிக்கொண்டார். காசு வாங்க மாட்டேன் என்றார். “இன்னைக்கு நான் வகுப்புத் தலைவன்” என்றார். “அன்னைக்கும் நீதான். பேர் எழுதிக் குடுத்தே அடி வாங்க வெச்சே” என்றார்கள் இவர்கள். திருவண்ணாமலை சாலையில் கோட்டையைக் கடக்கும்போது இருட்டில் இரண்டு பக்கமும் மலைகள் மட்டும் தெரிந்தன. அம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“அம்மா, அன்னைக்கு நான் சொன்னது...” என்று ஆரம்பித்தேன்.

“அந்தப் பரீட்சைக்கு எப்போ பணம் கட்டணும்?” என்று கேட்டாள்.

சொன்னேன். “புஸ்தகத்த எடுத்து வையி, நானும் பார்க்கிறேன். மறந்திருக்கும். இருந்தாலும் பார்க்கிறேன்” என்றாள்.

வீட்டில் அப்பா தூங்காமல் திண்ணையில் இருந்தார். அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வந்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

“அந்த போனைக் குடு.”

“என்ன போடணும்மா? சொல்லு, போடறேன்” என்றேன்.

“நீ ஒண்ணும் போட வேணாம். எப்படி எழுதறதுன்னு மட்டும் காட்டு.”

காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தொட்டாள். இரண்டு முறை அழிந்துபோயிற்று. கால் மணி நேரம் ஆகியிருக்கும். எட்டிப் பார்த்தேன். ‘வீட்டுக்கு வந்துட்டேன். முட்டை நல்லா இருந்துது’ என்று இருந்தது. அனுப்புவதற்கு எதைத் தொட வேண்டும் என்று கேட்டாள்.